வீட்டில் செய்த சர்க்கியூட் பலகையில் ஹீட்சிங்க் பொருத்துதல்: வன்னி வெயிலுக்கு ஏற்ற கேள்வி பதில்கள்

கிளிநொச்சியில் அம்பிளிஃபயர், வானொலி, சூரிய மின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றைத் திருத்துகிறேன். மாலை நேரங்களில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலர் வந்து சர்க்கியூட் பலகை செய்யப் பழகுகிறார்கள். செப்புத் தகட்டில் கோடு வரைந்து, பெரிக் குளோரைட்டில் அரித்து, துளையிட்டு, பாகங்களைப் பொருத்தி அழகாகச் செய்து முடிக்கிறார்கள். ஆனால் பல பலகைகள் முதல் நாளே கருகிய மணத்துடன் நின்றுவிடுகின்றன. காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் சூடு வெளியேற வழி இல்லாததுதான். அந்த மேசையில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

ஹீட்சிங்க் என்பது ஓர் அலுமினியத் துண்டுதானே? அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஹீட்சிங்க் சூட்டை அழிப்பதில்லை, கடத்தி வெளியே விடுகிறது. ட்ரான்சிஸ்டரின் உள்ளே நெற்குறுணி அளவான சிலிக்கன் துண்டு ஒன்று இருக்கிறது. சூடு பிறப்பது அங்கேதான். அங்கிருந்து பாகத்தின் உலோக முதுகுக்கு வந்து, முதுகும் ஹீட்சிங்க் தகடும் தொடும் இடத்தைத் தாண்டி, தகட்டில் பரவி, கடைசியில் காற்றில் கலக்க வேண்டும். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வாய்க்காலில் ஓரிடம் தூர்ந்து கிடந்தால் கடைசி வயலுக்கு வராது அல்லவா? இதுவும் அப்படித்தான். பெரிய தகடு வாங்கிவிட்டுப் பொருத்தும் இடத்தில் கவனம் இல்லாமல் இருப்பவர், வாய்க்காலைத் துப்புரவாக்காமல் குளத்தை ஆழமாக்குகிறார்.

எந்தப் பாகத்துக்கு ஹீட்சிங்க் வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அது எத்தனை வாட் சூட்டை உண்டாக்குகிறது என்று பாருங்கள். பாகத்தின் குறுக்கே விழும் வோல்ட்டை அதன் வழியே ஓடும் அம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 5 வோல்ட் தரும் 7805 சீராக்கி போல மூன்று காலும் துளையுள்ள உலோக முதுகும் கொண்ட பாகம், தகடு இல்லாமல் நின்றால் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி சூடேறும். மூடிய பெட்டிக்குள் காற்று 50 டிகிரியில் இருந்தால் ஒரு வாட்டிலேயே சிலிக்கன் 115 டிகிரியைத் தொட்டுவிடும். அதன் எல்லை 125 டிகிரி. ஆகவே அரை வாட்டைத் தாண்டினாலே நான் தகட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்குவேன்.

தகட்டின் அளவைக் கணக்கிட முடியுமா? அண்ணளவாக ஒன்றைப் போட்டால் போதாதா?

முடியும். கணக்குச் சிறியது, தயவுசெய்து அதைத் தவிர்க்காதீர்கள். சூரிய மின் பற்றரியில் இருந்து 5 வோல்ட் எடுத்துக் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 7805 வழியாக அரை அம்பியர் ஓடுகிறது.

பிள்ளைகள் செய்யும் முதல் பிழை, பற்றரி 12 வோல்ட் என்று எழுதிக்கொள்வது. நண்பகலில் பனல் மின்னேற்றும்போது அது 14.4 வோல்ட் வரை ஏறி நிற்கும். 14.4இல் இருந்து 5ஐக் கழித்தால் 9.4 வோல்ட். அரை அம்பியரால் பெருக்கினால் 4.7 வாட்.

இரண்டாவது பிழை, சுற்றுச்சூழல் 25 டிகிரி என்று எடுப்பது. பாகத்தின் தரவுத்தாளில் பெரும்பாலும் அந்த எண்தான் இருக்கும். ஆனால் சித்திரையிலும் வைகாசியிலும் வவுனியாவிலும் மாங்குளத்திலும் நிழலிலேயே 35 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரைக்குக் கீழே சுவரில் அடித்த பெட்டிக்குள் 50 டிகிரி என்று எடுப்பதே நேர்மையான கணக்கு.

சிலிக்கனை 110 டிகிரிக்கு மேல் போக விடக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். 110இல் இருந்து 50ஐக் கழித்தால் 60 டிகிரி மிச்சம். அதை 4.7ஆல் வகுத்தால் ஒரு வாட்டுக்கு 12.8 டிகிரி. இதில் சிலிக்கனில் இருந்து முதுகுக்கு வரும் பாதை 5 டிகிரியை எடுத்துக்கொள்ளும். பசை பூசிய பொருத்துக்கு 1 டிகிரி விடுங்கள். மிஞ்சுவது 6.8. ஒரு வாட்டுக்கு 6.8 டிகிரிக்கு மேல் சூடேறாத தகடு வேண்டும் என்பது விடை. இந்த எண் சிறிதாகச் சிறிதாகத் தகடு பெரிதாகும். சாதாரண அலுமினியத் தகடு என்றால், இரு பக்கமும் காற்றுப் படும்படி நிமிர்த்திய 10 சென்ரிமீற்றருக்கு 12 சென்ரிமீற்றர் துண்டு அண்ணளவாகப் போதும். தடிப்பு 2 அல்லது 3 மில்லிமீற்றர் இருக்கட்டும்.

இதே கணக்கை 25 டிகிரி என்று போட்டுப் பாருங்கள். 12.1 வரும். அதாவது ஏறத்தாழ அரைவாசித் தகடு போதும் என்று தாள் சொல்லும். அந்த அரைவாசித் தகடு மார்கழி மழையில் நன்றாக வேலை செய்துவிட்டுச் சித்திரையில் கைவிடும். “இவ்வளவு நாளும் ஓடியது, இப்போது என்ன வந்தது?” என்று பெட்டியைக் கொண்டு வருபவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

தகட்டுக்கு எங்கே போவது? எல்லாவற்றையும் கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டுமா?

தேவையில்லை. அலுமினிய யன்னல், கதவு செய்யும் வேலைத்தளங்களில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். எல் வடிவக் கோணத் துண்டு மிகவும் நல்லது. ஒரு பக்கத்தைப் பலகைக்கும் மறுபக்கத்தைப் பாகத்துக்கும் திருகலாம். பழைய அம்பிளிஃபயர்களின் பின்பக்கத்தில் இருக்கும் செட்டை வைத்த தகடுகளை எறிய விடாதீர்கள்.

பழைய கணினி மின்வழங்கிப் பெட்டியைப் பிரிப்பதானால் அவசரப்படாதீர்கள். 230 வோல்ட்டைச் சீராக்கினால் ஏறத்தாழ 325 வோல்ட் ஆகும். அதைத் தாங்கும் பெரிய கொள்ளளவிகள் (கப்பாசிட்டர்) செருகியைக் கழற்றிய பின்னும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். மல்ரிமீற்றரால் அளந்து, எஞ்சியிருந்தால் தகுந்த தடையி ஒன்றின் ஊடாக இறக்கிய பின்பே கை வையுங்கள்.

தகரம் பயன்படுமா என்று கேட்கிறார்கள். இரும்புத் தகடு அலுமினியத்தின் கால்வாசி அளவுக்குத்தான் சூட்டைக் கடத்தும். அதிலும் கூரைத் தகரம் மிக மெல்லியது. திருகாணியைச் சுற்றிச் சூடாகும், ஓரம் குளிர்ந்தே இருக்கும். வேண்டாம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. காட்டோரத்திலோ, கைவிட்ட காணியிலோ, குளக்கட்டிலோ கிடக்கும் இறகு வைத்த உலோகத் துண்டு எதையும் தொடாதீர்கள். மோட்டார் எறிகணைகளின் வால் இறகுகள் பலவும் அலுமினியக் கலவையில் ஆனவை. பார்வைக்கு அருமையான ஹீட்சிங்க் போலவே இருக்கும். 2009க்குப் பின்னர் நம் மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றி வருகிறார்கள். வெடிக்காத பொருள்கள் இன்னும் அகப்படுகின்றன. கண்ட இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பழைய இரும்பு வாங்குபவர் கொண்டுவந்த மூட்டைக்குள் இருந்தாலும் இதே விதிதான்.

பசை கட்டாயமா? நன்றாக இறுக்கினால் போதாதா?

இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு எவ்வளவு சமமாகத் தெரிந்தாலும், தொடுவது சில மேட்டுப் புள்ளிகளில் மட்டும்தான். மிச்சமெல்லாம் காற்று. அலுமினியம் காற்றை விட ஏழாயிரம் மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். வெப்பப் பசை அலுமினியத்துடன் ஒப்பிட்டால் மிகவும் மட்டமான கடத்திதான். ஆனாலும் காற்றை விட நாற்பது மடங்கு, அதற்கும் மேல் நல்லது. பசையின் வேலை அந்தக் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. அதனால் ஒரு நெல்மணி அளவு போதும். இறுக்கும்போது ஓரத்தில் மெல்லிய கோடாகப் பிதுங்கினால் சரி. பாணுக்குப் பட்டர் பூசுவதுபோல அப்பினால் பசையே தடையாகிவிடும்.

பல் பசை பூசலாம் என்று ஒரு கதை ஊரெல்லாம் உண்டு. அதில் இருக்கும் நீர் சில நாட்களில் வற்றிவிடும். பிறகு சுண்ணாம்புப் பொருக்குப் போல வெடித்து நிற்கும், உலோகத்தையும் அரிக்கும். செய்யாதீர்கள்.

பசை பூசும் முன் தகட்டைக் கண்ணாடி மேல் விரித்த மெல்லிய சாண்ட் பேப்பரில் தேய்த்துச் சமமாக்குங்கள். துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறை, அதைவிடப் பெரிய துளைமுனை ஒன்றைக் கையால் சுழற்றி எடுத்துவிடுங்கள். இந்தப் பிசிறால் நான் பட்டதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மைக்காத் துண்டு எதற்கு? சிலர் வைக்கிறார்கள், சிலர் வைப்பதில்லை.

பாகத்தின் உலோக முதுகு வெறும் உலோகம் அல்ல, உள்ளே ஒரு காலுடன் இணைந்திருக்கிறது. எந்தக் கால் என்பது பாகத்துக்குப் பாகம் மாறும். 7805இன் முதுகு நடுக்காலுடன், அதாவது பூச்சியத்துடன் (கிரவுண்ட்) இணைந்தது. அதே உருவில் இருக்கும் 7905இன் முதுகு உள்வரும் மறை (நெகட்டிவ்) மின்னழுத்தத்தில் இருக்கும். எல்எம்317இன் முதுகு வெளியீடு. ஐஆர்எஃப்இசட்44 போன்ற மொஸ்ஃபெட்டில் அது வடிகால் (ட்ரெயின்). 2என்3055இல் உடல் முழுவதுமே சேகரிப்பான் (கலெக்டர்). டிடிஏ2030 அம்பிளிஃபயர் ஐசியில் அது மறை வழங்கல். ஒரே தகட்டில் 7805ஐயும் எல்எம்317ஐயும் வெறுமனே திருகினால் 317இன் வெளியீட்டை நேராகப் பூச்சியத்துடன் சேர்த்துவிட்டீர்கள்.

ஒரு பாகம், ஒரு தகடு, அந்தத் தகடு வேறு எதையும் தொடாது என்றால் மைக்கா வேண்டாம். இல்லாவிட்டால் மின்னைக் கடத்தாத மைக்காவோ சிலிக்கோன் விரிப்போ வைத்து, திருகாணி முதுகைத் தொடாதபடி அதற்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் போட வேண்டும். புஷ் இல்லாமல் மைக்கா மட்டும் வைப்பது கதவைப் பூட்டிவிட்டு யன்னலைத் திறந்து வைப்பது போன்றது. திருகாணி வழியாகவே மின் கடந்துவிடும். மைக்காவின் இரு பக்கமும் பசை வேண்டும். கணக்கில் பொருத்துக்கு 1 டிகிரிக்குப் பதிலாக 1.5 டிகிரி எழுதிக்கொள்ளுங்கள். சிலிக்கோன் விரிப்புக்குப் பசை தேவையில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வைகாசிப் பொங்கல் காலத்தில் ஓர் அம்பிளிஃபயர் செய்து கொடுத்தேன். மேசையில் நாலு மணித்தியாலம் பாடியது. கோவிலில் இரவு பத்து மணிக்கு, சனம் நிறைந்திருந்த வேளையில், நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் துளை விளிம்பில் ஊசி முனை போன்ற ஒரு பிசிறு. சூட்டில் உலோகம் விரிந்து சுருங்க, அது மைக்காவை மெல்ல மெல்லத் துளைத்திருக்கிறது. மறை வழங்கல் உலோகப் பெட்டியைத் தொட்டு, உருகி (ஃபியூஸ்) எரிந்துபோனது. அன்று அந்தக் கோவில் வாசலில் நின்ற கூச்சம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் இறுக்கியவுடன் மல்ரிமீற்றரின் ஒரு முனையை முதுகிலும் மறுமுனையைத் தகட்டிலும் வைத்து, இரண்டுக்கும் இடையே மின் தொடர்பு இல்லை என்று உறுதிப்படுத்துகிறேன். தகடு சூடேறிய பின், மின்னை நிறுத்தி, இன்னொரு முறை பார்க்கிறேன்.

முதலில் பலகையில் ஈயம் வைப்பதா, தகட்டில் திருகுவதா?

முதலில் திருகுங்கள், பிறகு ஈயம் வையுங்கள். வீட்டில் செய்த பலகைக்கு இது இன்னும் முக்கியம். ஈயம் வைத்த பின் திருகினால் பாகம் தகட்டை நோக்கி இழுபடும். அந்த இழுவை முழுவதையும் மூன்று ஈயப் புள்ளிகள் தாங்க வேண்டும். தொழிற்சாலைப் பலகையில் துளைக்குள்ளும் செப்பு பூசியிருக்கும். நம் பலகையில் ஒரு பக்கச் செப்பு மட்டும், பசையால் ஒட்டிய 35 மைக்ரோன் தாள். சூடும் இழுவையும் சேர்ந்தால் அது உரிந்து எழும். எனவே தகட்டையும் பலகையையும் தம் இடத்தில் இறுக்கி, பாகத்தைத் தகட்டில் திருகி, கால்கள் துளைக்குள் தளர்வாக நிற்கின்றனவா என்று பார்த்து, கடைசியில் ஈயம் வையுங்கள். துளை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக இருக்கட்டும். ஈயப் புள்ளியைச் சுற்றிய செப்பு வட்டத்தைத் தாராளமாக விட்டு வரையுங்கள்.

காலை வளைக்க வேண்டுமானால் உடலுக்கு அருகே குறட்டால் பிடித்துக்கொண்டு, குறட்டுக்கு அப்பால் வளையுங்கள். உடலை ஒட்டி வளைத்தால் உள்ளே வெடிப்பு விழும், வெளியே தெரியாது. தகட்டின் பாரம் ஒருபோதும் பாகத்தின் காலில் நிற்கக்கூடாது. தகட்டுக்குத் தனிக் கால், தனித் திருகாணி. இல்லாவிட்டால், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பொருத்தும் விளக்குப் பலகை, கிரவல் வீதியில் ஒரு போகம் ஓடினாலே கால் முறிந்து வரும்.

இறுக்கும் அளவு பற்றியும் கேட்கிறார்கள். 3 மில்லிமீற்றர் திருகாணிக்குத் தட்டை வாசரும் சுருள் வாசரும் போட்டு, சுருள் வாசர் தட்டையான பின் சிறிதளவு திருப்புங்கள். அதற்கு மேல் இறுக்கினால் முதுகு வில்லாக வளைந்து, சிலிக்கன் இருக்கும் பக்கம் தகட்டை விட்டு எழும்பிவிடும். இறுக்க இறுக்க நல்லது என்ற எண்ணம் இங்கே பலிக்காது.

சுப்பர் குளூவால் ஒட்டினால் என்ன?

80 டிகிரியை நெருங்கும்போது அது வலுவிழக்கும். சூட்டையும் நன்றாகக் கடத்தாது. திருகத் துளையே இல்லாத சிறிய ஐசிக்கு வெப்பம் கடத்தும் இரட்டைப் பக்க நாடாவோ, அதற்கென்று வரும் இருபகுதி எபொக்சிப் பசையோ பாவியுங்கள். எபொக்சியால் ஒட்டியதைப் பிறகு கழற்ற முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பலகையின் செப்பையே ஹீட்சிங்காகப் பாவிக்கலாமா?

சிறிய, பரப்பில் ஒட்டும் பாகங்களுக்கு அதுதான் வழி. ஒரு வாட்டுக்குள் என்றால் பாகத்தின் முதுகு பதியும் இடத்தில் செப்பை அரிக்காமல் தபால் முத்திரையை விடப் பெரிதாக விட்டுவிடுங்கள். பெரிக் குளோரைட்டும் மிச்சமாகும். ஆனால் செப்புத் தாள் மெல்லியது. ஒரு எல்லைக்கு மேல் பரப்பைக் கூட்டினாலும் சூடு அவ்வளவு தூரம் போகாது. ஏஎம்எஸ்1117 என்ற சிறிய சீராக்கியின் முதுகு வெளியீட்டுடன் இணைந்தது என்பதால் அந்தச் செப்பைப் பூச்சியத்துடன் சேர்த்து வரைந்துவிடாதீர்கள்.

பெரிக் குளோரைட் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அது அலுமினியத்தை ஆவேசமாகத் தின்னும். அரிப்பதற்கு அலுமினியச் சட்டியைப் பாவிக்காதீர்கள். பலகையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பின்பே தகட்டின் அருகே கொண்டு வாருங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் இருக்கிறோம். தகடு வெண்தூள் பிடித்துப்போகிறது.

உப்புக் காற்றில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். செப்பு வாசரையோ பித்தளைத் திருகாணியையோ அலுமினியத்துடன் நேரடியாகச் சேர்க்காதீர்கள். துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியைச் சிறிது கிறீஸ் தடவிப் போடுங்கள். முடிந்தால் கறுப்பு அனோடைஸ் செய்த தகட்டை வாங்குங்கள். அது அரிப்பைத் தாங்கும், வெறும் அலுமினியத்தை விடப் பல மடங்கு கூடுதலாகச் சூட்டைக் கதிர்வீசும். தகட்டின் செட்டைகள் நிலைக்குத்தாக நிற்க வேண்டும், மேலும் கீழும் காற்றுக்கு வழி இருக்க வேண்டும். உள்நாட்டில் பிரச்சினை உப்பு அல்ல, கச்சான் காற்று அள்ளிவரும் செம்புழுதி. ஆண்டுக்கு ஒரு முறை மின்னை நிறுத்திவிட்டுத் தூரிகையால் தட்டினால் போதும்.

தகடு கை வைக்க முடியாதபடி சுடுகிறது. பிழையா?

இல்லாமலும் இருக்கலாம். மேலே போட்ட கணக்கில் தகடே 82 டிகிரியில் நிற்கும். 60 டிகிரியிலேயே விரல் சில நொடிக்கு மேல் தாங்காது. பயப்பட வேண்டியது அதற்கு எதிர்மாறான நிலைக்குத்தான். பாகம் கொதிக்கிறது, தகடு குளிர்ந்திருக்கிறது என்றால் இடையில் வழி அடைபட்டிருக்கிறது. கழற்றிப் பசையைப் பாருங்கள். மல்ரிமீற்றருடன் வரும் வெப்ப முனை இருந்தால் அதால் இரண்டு இடத்தையும் அளந்து பாருங்கள். வீட்டு மின்னில் நேரடியாக ஓடும் சர்க்கியூட்டின் தகட்டை விரலால் தொட்டுப் பார்க்கவே கூடாது, அதில் உயிர் மின் இருக்கலாம்.

சூடான தகட்டுக்கு அருகே எலக்ட்ரோலிட்டிக் கொள்ளளவியை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

அம்பிளிஃபயர் பலகையில் ஒரு சிறிய ட்ரான்சிஸ்டரையும் பெரிய தகட்டிலேயே பொருத்தச் சொல்லியிருக்கிறது. அது சூடாவதே இல்லையே?

அது சூட்டை உணர்வதற்காக அங்கே இருக்கிறது. ட்ரான்சிஸ்டர் திறக்க அதன் அடிவாய்க்கு (பேஸ்) வேண்டிய மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் 2 மில்லிவோல்ட் அளவு குறையும். வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்கள் சூடேறினால் அதே அழுத்தத்துக்குக் கூடுதல் மின் இழுக்கும், அதனால் இன்னும் சூடேறும், இன்னும் இழுக்கும். அந்தச் சிறிய ட்ரான்சிஸ்டர் அதே தகட்டின் சூட்டை உணர்ந்து அழுத்தத்தைக் குறைத்து இந்தச் சுழலை நிறுத்துகிறது. அதைப் பலகையில் தனியே விட்டால் பாட்டு உச்சத்துக்குப் போகும் இரவில் வெளியீடு இரண்டும் எரிந்துவிடும். பசை பூசி, வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்களுக்கு இடையே, அவற்றுக்கு மிக அருகில் பொருத்துங்கள்.

பெரிய தகடு போட்டும் சூடு குறையவில்லை. இன்னும் பெரிது போடவா?

முதலில் சூடு ஏன் பிறக்கிறது என்று பாருங்கள். ஐஆர்எஃப்இசட்44 மொஸ்ஃபெட்டின் வாயிலுக்கு (கேட்) 10 வோல்ட் கொடுத்தால் 10 அம்பியரில் 2 முதல் 3 வாட் வரைதான் சூடாகும். அதை நுண்கட்டுப்படுத்தியின் (மைக்ரோகண்ட்ரோலர்) 5 வோல்ட்டால் நேரடியாகத் திறந்தால் அரைகுறையாகத் திறந்து பல மடங்கு சூடாகும். அதற்குத் தகடு மருந்து அல்ல. வாயிலுக்கு வேண்டிய வோல்ட்டைக் கொடுங்கள்.

7805இலும் இதே கேள்வி வரும். 14.4 வோல்ட்டில் 9.4 வோல்ட் சூடாகப் போகிறது. பற்றரி கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வீண். மின்சாரமே இல்லாத போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலியில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். அந்த டைனமோ தருவது 6 வோல்ட்டில் 3 வாட். இந்த 7805 சும்மா எரிப்பது அதைவிட அதிகம் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. எல்எம்2596 போன்ற ஆளிவகைச் சீராக்கியை (ஸ்விட்சிங் ரெகுலேட்டர்) போட்டால், 5 வோல்ட்டில் அரை அம்பியர் என்ற அதே 2.5 வாட்டைக் கொடுக்க இழப்பு 0.6 வாட் அளவுதான். தகடே வேண்டாம், பலகையில் விட்ட செப்பு போதும். ஆனால் சுருள், இருவாயி (டயோட்), உள்வரும் கொள்ளளவி மூன்றையும் ஐசியை ஒட்டி வைத்து, இடையே ஓடும் கோடுகளைக் குட்டையாகவும் அகலமாகவும் வரையுங்கள். நீளக் கோடு போட்டால் பக்கத்தில் இருக்கும் வானொலி இரையும்.